யோபுவின் இரண்டாம் பாகம்

துப்பறியும் வரதராஜுலுவுக்கு உலகத்தில் பிடிக்காத ஜென்மங்கள் நிறைய உண்டு. அதில் முதல் இடம், துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவர்களுக்கு. அவருடைய கெட்ட நேரம், அப்படிப்பட்ட ஒருத்திதான் அவருக்கு உதவியாளராக வந்து வாய்த்திருந்தாள்.

"புருசன்தானுங்க சார் கொலைகாரன்," என்றாள் லோகப்பிரியா, ஈரோடு ரயிலின் ஜன்னலோர இருக்கையில் புத்தகத்தை மூடியபடி. "இனி நிம்மதியா முதல்ல இருந்து படிக்கலாம்."

"அந்தப் புஸ்தகத்தை நான் இன்னும் படிக்கலை, அம்மணி."

"அதுக்கென்னங்க சார், உங்களுக்கு வேலை மிச்சம்."

வரதராஜுலு பல்லைக் கடித்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் போலி விபத்து, போலி சாவு என்று ஆயிரம் தில்லுமுல்லுகளை நோண்டி எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். எரிந்துபோன மில்லின் சாம்பலைக் கிளறியே யார் நெருப்பு வைத்தார்கள் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆள் இப்போது காணாமல் போன புத்தகத்தைத் தேடிக்கொண்டு ரயிலில் போகிறார். அதுவும் பழைய பேப்பர் கடைக்காரன்கூட எடுத்துக்கொள்ள யோசிக்கிற தடிப் புத்தகம். நினைக்க நினைக்க அவருக்கு எரிச்சலாக வந்தது.

எதிர் இருக்கையில் விமலாராணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போத்தனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். ஒரே பையன் வின்ஸ்டன். போன வருஷம் இதே மாதத்தில், சுந்தராபுரம் பக்கம் லாரி மோதி பைக்கோடு போய்ச் சேர்ந்துவிட்டான். போனவன் போனதோடு கதை முடிந்திருந்தால் வரதராஜுலுவுக்கு இங்கே வேலை இல்லை. அடக்கத்தன்று சபையின் பாஸ்டர் எட்வின் பொன்னையா, பைபிளில் யோபு புத்தகத்திலிருந்து, அதாவது பிள்ளைகளையெல்லாம் ஒரே நாளில் பறிகொடுத்த ஒரு நல்ல மனிதனின் கதையிலிருந்து, ஒரு வசனத்தை எடுத்துப் பேசினார். பிள்ளைகள் பாவம் செய்தார்கள், கடவுள் அவர்களை அந்தப் பாவத்தின் கையிலேயே விட்டுவிட்டார் என்பது அந்த வசனத்தின் சாரம். வின்ஸ்டன் சில மாதங்களாகக் கோயிலுக்கு வராமல் ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் ஆடப் போய்க்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். கூட்டம் மொத்தமும் தலையை ஆட்டியது.

அப்பா ஞானமுத்து ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்ததும் முன்னறைச் சுவரில் இருந்த பையனின் போட்டோவைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். கடவுளே கைவிட்ட பிள்ளைக்கு நடுவீட்டில் இடமில்லை என்றார். விமலாராணி அழுதார், சண்டை போட்டார், சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். மனுஷன் மசியவில்லை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: பாஸ்டர் பெரிய பெரிய புத்தகமெல்லாம் படித்தவர், அவர் சொன்னது தப்பென்றால் நீயும் ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டு.

அன்றிலிருந்து விமலாராணி விளக்கவுரை தேடி அலைகிறார். வேதாகமத்தை வசனம் வசனமாகப் பிரித்து, இதை யார் சொன்னது, எதற்காகச் சொன்னது, மூல மொழியில் என்ன இருக்கிறது என்று பண்டிதர்கள் எழுதி வைத்த புத்தகங்கள் அவை. ஒரு வரிசை வாங்கினால் அலமாரி நிறைந்துவிடும். போத்தனூரில் சபையின் சின்ன நூலகத்துக்குப் போனார். எல்லாப் பாகமும் இருந்தது, யோபு மட்டும் இல்லை. டவுனில் ஒரு கத்தோலிக்கச் சாமியாரின் அறையில் கேட்டார். நேற்று வரை இருந்ததே என்று சாமியார் தலையைச் சொறிந்தார். அங்கேயும் யோபுதான் போயிருந்தது. இந்த அம்மா போகிற இடத்துக்கெல்லாம் யாரோ ஒரு நாள் முன்னாலேயே போய், யோபுவை மட்டும் உருவிக்கொண்டு போகிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முதலாண்டு நினைவு ஜெபம். அன்றைக்கும் சுவரில் அந்த இடம் வெறும் ஆணியோடு இருக்கும்.

"ஏனுங்கம்மா, அந்த வசனத்தை நீங்களே பைபிள்ல எடுத்துப் படிச்சுப் பாத்தீங்களா?" என்று வரதராஜுலு கேட்டார்.

"நூறு தடவை படிச்சிருப்பனுங்க. பாஸ்டர் சொன்ன மாதிரி அப்படியேதானுங்க இருக்குது." விமலாராணி கைப்பையைத் தொட்டுக் காட்டினார். "சிவப்புப் பேனாவுல கோடு போட்டே வெச்சிருக்கேன்."

ஈரோட்டில் இறங்கியதும் மார்க்கெட் பக்கமிருந்து மஞ்சள் வாசம் மூக்கில் ஏறியது. ஆட்டோவில், விளக்கவுரை இருப்பதாகக் கேள்விப்பட்ட ஒரு பழைய வேதாகமக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, நூலகர் ஜோவிதா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்த உடனே வரதராஜுலுவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. போச்சு, இங்கேயும் போச்சு.

ஆனால் ஜோவிதா காட்டிய அலமாரியில் ஒரு விநோதம் இருந்தது. இந்த விளக்கவுரை வரிசையில் யோபுவுக்கு மட்டும் இரண்டு பாகம். முதல் பாகம் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் பாகம் இருந்த இடத்தில் ஒரு இடைவெளி.

"ரெண்டையும் தூக்கக் கை வலிச்சிருக்கும் சார்," என்றாள் லோகப்பிரியா.

வரதராஜுலு அவளை முறைத்துவிட்டு முதல் பாகத்தைப் பிரித்தார். அவருடைய இங்கிலீஷ் இன்ஷூரன்ஸ் இங்கிலீஷ். எந்த நிபந்தனையையும் விடாமல் படித்துப் பழகிய கண். எட்டாம் அதிகாரம், நான்காம் வசனம். கிடைத்துவிட்டது. விமலாராணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அந்த ஒரு வசனத்துக்குப் பண்டிதர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். எபிரெயத்தில் இந்தச் சொல், கிரேக்கத்தில் அந்தச் சொல், பழைய யூத உரைகாரர் ஒருவர் இப்படிச் சொல்கிறார், அதை இன்னொருவர் மறுக்கிறார், ஜெர்மானியர் ஒருவர் இரண்டு பேரையும் மறுக்கிறார். வரதராஜுலு விரலை வைத்து வரி வரியாகப் போனார். நெற்றியில் வியர்த்தது. கடைசி வரிக்கு வந்தார். யோபுவின் நண்பர்களுடைய பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு இரண்டாம் பாகம் பார்க்க, என்று போட்டிருந்தது.

அவர் புத்தகத்தை மூடிய சத்தத்தில் மூலையில் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"இதென்னங்க இது, கம்பெனிக்காரன் க்ளெய்ம் குடுக்கற மாதிரி இருக்குது," என்று வரதராஜுலு பொருமினார். "அங்கே போ இங்கே போன்னு."

ஆனால் கோபம் வந்தால்தான் அந்த மனுஷனுக்கு மூளையும் ஓடும். இரண்டாம் தரம் அந்த இடைவெளியைப் பார்த்தபோது சட்டென்று பொறி தட்டியது. விமலாராணி தேடுகிற வசனம் இருப்பது முதல் பாகத்தில். சபையில் யாராவது அந்த வசனத்தை அவர் கண்ணில் படாமல் மறைக்க நினைத்தால் எதைத் தூக்குவார்கள்? முதல் பாகத்தை. வந்தவனோ அதைத் தொடவே இல்லை. பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். கேள்வி எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. பதில் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"அதெல்லாம் சரி, புருசன்தானுங்க சார்," என்று லோகப்பிரியா காதோடு சொன்னாள். "போட்டோவைப் பூட்டி வெச்சவரு அவருதானே."

"அவரு முதல் பாகத்தைத்தான் எடுத்திருப்பாரு. நீ கம்முனு இரு."

சரி, திருடனுக்கு விவரம் தெரியும். ஆனால் இந்த அம்மா எங்கே போகப் போகிறார் என்பது ஒவ்வொரு முறையும் எப்படித் தெரிகிறது? யாரிடமாவது சொன்னீர்களா என்று முதல் நாளே கேட்டிருந்தார். ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை என்று விமலாராணி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். இப்போது மறுபடியும் கேட்கலாமென்று திரும்பினால், அந்த அம்மா மும்முரமாக செல்போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்குங்கம்மா?"

"சபையோட வாட்ஸ்அப் ஜெபக் குழுவுக்குங்க. ஈரோட்டுலயும் புஸ்தகம் கிடைக்கலை, அடுத்து எங்கே போறதுன்னு ஆண்டவர் வழி காட்டோணும்னு ஜெப விண்ணப்பம் போடறேனுங்க."

வரதராஜுலுவின் கண்கள் விரிந்தன. "ஈரோட்டுக்கு வாரதையும் போட்டீங்களா?"

"முந்தாநேத்தே போட்டேனுங்க."

"டவுனுக்குப் போனப்ப?"

"அதுக்கும்தானுங்க."

"யார்கிட்டயும் சொல்லலைன்னு சொன்னீங்களே!"

"நான் எங்கீங்க சொன்னேன்?" விமலாராணிக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஜெபத்துக்குத்தானுங்க குடுத்தேன்."

வரதராஜுலு பக்கத்திலிருந்த மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். இத்தனை நாள் அலைச்சல், ஆட்டோ, ரயில், வெயில். ஊரையே கூட்டி டமாரம் அடித்துவிட்டு, சொல்லவே இல்லை என்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. கடவுளிடம் சொன்னதைச் சொன்னதாக யார் கணக்கு வைப்பார்கள்?

அந்த நேரத்தில் ஜோவிதாதான் மெதுவாகச் சொன்னார், இன்னொரு யோபு இருக்கிறது என்று. கூட்டிக்கொண்டு போய் எதிர் வரிசையில் ஒரு யூத விளக்கவுரைத் தொகுதியைக் காட்டினார். முதுகில் எல்லாம் எபிரெய எழுத்து. கிறிஸ்தவ பைபிளில் யோபு சங்கீதத்துக்கு முன்னால் வரும். யூதர்களுடைய வரிசையில் சங்கீதம், நீதிமொழிகள் எல்லாம் முடிந்து அதற்குப் பின்னால்தான் வரும். வந்தவன் சங்கீதத்துக்கு முன்னால் தேடியிருப்பான், இல்லையென்று நினைத்து விட்டுவிட்டுப் போயிருப்பான் என்றார் ஜோவிதா.

வரதராஜுலுவின் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. உடனே விமலாராணியிடம் ஜெப விண்ணப்பத்தை மாற்றி எழுதச் சொன்னார். ஈரோட்டில் யூதர்கள் எழுதிய யோபு உரை ஒன்று இருக்கிறது, நாளை மத்தியானம் போய்ப் படிக்கப்போகிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று போட வேண்டும்.

"வேசம் போட்டு ஜெபம் கேக்கறதாங்க?" என்று அவர் தயங்கினார்.

"எந்த வேசமுமில்லீங்க. புஸ்தகம் இருக்குது. நாம வரத்தான் போறோம். என்ன, கொஞ்சம் வெள்ளனையே வந்துருவோம்."

மறுநாள் காலையில் நூலகம் திறந்ததுமே மூன்று பேரும் போய், பழைய பத்திரிகைகள் அடுக்கியிருந்த அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். தூசியில் வரதராஜுலுவுக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. லோகப்பிரியா நாவலை விட்ட இடத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். முடிவு தெரிந்துவிட்டால் பதட்டம் இருக்காது சார் என்று இடையில் ஒரு உபதேசம் வேறு.

கதவு திறந்தது. உள்ளே வந்தது ஞானமுத்து.

லோகப்பிரியா வரதராஜுலுவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே அவளை வேலையை விட்டு அனுப்பலாம் என்று அவருக்குத் தோன்றியது. இரண்டாம் பாகத்தை வைத்துக் கட்டிய கோட்டையெல்லாம் பொலபொலவென்று சரிந்தது. விமலாராணி வாயைப் பொத்திக்கொண்டார்.

ஞானமுத்து ஜோவிதாவிடம் ஏதோ கேட்டார். ஜோவிதா அந்த யூத உரையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தார். ஞானமுத்து அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தைத் திருப்பினார். நடுவில் கொஞ்சம் எபிரெயம், சுற்றிலும் பொடி எழுத்தில் உரை. இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

வரதராஜுலு பொறுமை இழந்து வெளியே வந்தார், பின்னாலேயே விமலாராணியும். "ஏனுங்க, இன்னும் எத்தனை புஸ்தகந்தானுங்க எடுப்பீங்க?"

ஞானமுத்து திடுக்கிட்டு எழுந்தார். கணவருக்கும் மனைவிக்கும் நடுவில் அந்த மேஜை இருந்தது. தன்னைத் திருடன் என்கிறார்கள் என்பதே அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்த பிறகும் கோபப்படவில்லை. மனைவியைப் பார்த்துத்தான் பேசினார்.

"நீ கொண்டாந்து காட்டுவேன்னுதான் வருசம் பூரா பாத்துட்டு இருந்தேன். ஒரு புஸ்தகமும் வரலை. ஞாயித்துக்கிழமை நெருங்கிருச்சு. குழுவுல நீ போட்டதைப் பாத்தேன். அதான் நானே வந்து பாத்துப்போடலாம்னு வந்தேன்." விரித்த பக்கத்தை மனைவி பக்கம் திருப்பிக் காட்டினார். "இது என்ன பாஷைன்னே தெரியலை, விமலா."

தன் ஆசைதான் கணவருக்கும் ஆசை என்பது விமலாராணிக்கு இத்தனை நாள் தெரியாது. தானே தோற்க வேண்டுமென்று காத்திருந்த மனுஷனோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார். வரதராஜுலுவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

அப்போது கதவு இரண்டாம் முறை திறந்தது. வெள்ளைச் சட்டை, கையில் ஒரு காலிக் கட்டைப் பை. வந்தவர் யாரையும் பார்க்காமல் நேராக எதிர் வரிசைக்குப் போனார். சங்கீதத்தைத் தாண்டி, நீதிமொழிகளைத் தாண்டி விரலை ஓட்டினார். அங்கே காலி இடம்தான் இருந்தது. திரும்பினார். பாஸ்டர் எட்வின் பொன்னையா.

"பை புஸ்தகத்துக்குங்களா பாஸ்டர், இல்லை மஞ்சள் வாங்கவா?" என்றாள் லோகப்பிரியா.

பாஸ்டர் மழுப்பவில்லை. மழுப்பியிருந்தால்கூட வரதராஜுலுவுக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்திருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடக்கத்தன்று சபை மூப்பர்கள் வாலிபர்களுக்கு ஒரு எச்சரிப்பு கொடுக்கச் சொன்னார்களாம். நேரமில்லை. எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் அகராதியில் பிள்ளைகள், பாவம் என்று தேடினார், அந்த வசனம் மாட்டியது, எடுத்துக்கொண்டு போய்ப் பேசிவிட்டார். பல மாதம் கழித்து வேறொரு பிரசங்கத்துக்காக விளக்கவுரையைத் திறந்தபோதுதான் தான் செய்தது என்னவென்று தெரிந்தது. இந்த ஞாயிறு சொல்லலாம், அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அதற்குள் குழுவில் விமலாராணியின் ஜெப விண்ணப்பம் வந்துவிட்டது.

"என்னங்க தெரிஞ்சுது?" என்று கேட்டார் ஞானமுத்து.

பாஸ்டர் கையிலிருந்த கட்டைப் பையை மடிக்க ஆரம்பித்தார். அதை மட்டும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வரதராஜுலுவுக்குப் பொறுமை போய்விட்டது. திருடன் கிடைத்தும் பதில் இன்னும் வரவில்லை. இரண்டாம் பாகம் போத்தனூரில், பாஸ்டர் வீட்டில். கையில் இருக்கிற யூத உரையோ இந்த ஜென்மத்தில் படித்து முடிக்க முடியாது. அவர் மேஜையில் ஒரு குத்துக் குத்தினார்.

"அம்மா, உங்க பைபிளைக் கொஞ்சம் தாங்க," என்றாள் லோகப்பிரியா. வாங்கிப் புரட்டினாள். "யோபு எங்கே முடியுதுங்க? ஆங், இதோ." அவள் கடைசி அதிகாரத்தில் கண்ணை ஓட்டினாள். "சார், இங்கே கடவுள் கோபத்துல இருக்காருங்க."

"யார் மேலே?"

"யோபுவோட நண்பருங்க மேலே. துக்கத்துல இருக்கறவன்கிட்ட வந்து என்னைப் பத்தித் தப்பா பேசிப்போட்டீங்கன்னு திட்டறாரு. யோபு பேசினதுதான் சரியாம். பில்தாத்துன்னு ஒருத்தர் பேரும் இருக்குதுங்க."

விமலாராணி பைபிளைப் பிடுங்கினார். கடைசி அதிகாரம் அவருக்குத் தெரியாததா? யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பிக் கிடைத்த வசனம் சபையில் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குக் கொஞ்சம் மேலே இருந்த இந்த வசனத்தில் யாரும் ஒரு நாளும் நின்றதில்லை. அவசரமாக எட்டாம் அதிகாரத்துக்குத் திருப்பினார். சிவப்புக் கோடு போட்ட வசனம். அதற்கு மூன்று வசனத்துக்கு மேலே, அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, பேசுகிறவன் பெயர் இருந்தது. பில்தாத்.

"கடவுள் சொன்னதே இல்லீங்களா இது?" என்றார் விமலாராணி. "கடவுள் தப்புன்னு சொன்ன பேச்சையா எம்பையன் பெட்டிக்கு முன்னாடி நின்னு சொன்னீங்க?"

ஒரு வருஷமாகத் தான் கைப்பையில் சுமந்துகொண்டு அலைந்த பதிலை விமலாராணி மறுபடி மறுபடி தடவிப் பார்த்தார். வரதராஜுலு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்ஷூரன்ஸ் பத்திரத்தின் கடைசி நிபந்தனை வரைக்கும் விடாமல் படித்த மனுஷன், அந்தக் கைப்பையைத் திறக்கச் சொல்லாமல் ஈரோடு வரை வந்திருக்கிறார். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

"இன்னும் ஒரு வசனம் இருக்குதுங்க," என்றாள் லோகப்பிரியா. அவள் குரலில் கேலி இல்லை. "அப்படிப் பேசினவங்க யோபுகிட்டயே போகோணுமாம். அவரு அவங்களுக்காக ஜெபம் பண்ணினாத்தான் கடவுள் விடுவாராம்."

பாஸ்டர் எழுந்தார். இத்தனை வருஷம் மற்றவர்களின் ஜெப விண்ணப்பங்களை வாங்கிப் பழகிய மனிதர், கட்டைப் பையைக் கீழே போட்டுவிட்டு விமலாராணிக்கு முன்னால் வந்து நின்றார்.

"எனக்காக ஜெபம் பண்ணுங்கம்மா."

விமலாராணி பைபிளை மூடினார்.

"இன்னைக்கு என்னால முடியாதுங்க பாஸ்டர். ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வாங்க. எல்லார்த்தையும் வெச்சுக்கிட்டு, எம்பையன் போட்டோவுக்கு முன்னாடி நின்னு கேளுங்க. அப்ப பண்றேன்."

ஞானமுத்து சட்டைப் பையில் கையை விட்டு பீரோ சாவியை எடுத்து மனைவியின் கையில் வைத்தார்.